நாலு பூச்சு டெக்

போன வாரம் என் உள்ளங்காலை யாராவது பார்த்திருந்தால் மரத்தில் செதுக்கியது என்று நினைத்திருப்பார்கள். அசல் தேக்கு நிறம். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. இதை எழுதும்போதும் இடது பெருவிரல் தேக்குத்தான்.

காரணம், கிளிநொச்சி உருத்திரபுரத்தில் ஒரு டெக்.

டெக் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம்... மூன்று வாரத்துக்கு முன்னர் எனக்கும் தெரியாது. வீட்டுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், இடைவெளி விட்டுப் பலகை அடித்த ஒரு மேடை. கூரை கிடையாது. கனடாவில் வெயில் எறித்தால் சனம் ஓடிவந்து அதில் இருக்குமாம். கிளிநொச்சியில் வெயில் எறித்தால் நாங்கள் எங்கே ஓடுவோம்? வீட்டுக்குள்ளே.

ஆனாலும் கனடாவில் இருக்கிற எங்கள் ஊர்ச் சிவம் அண்ணை கட்டினார். ரொறன்ரோ வீட்டில் இருப்பது ஊர் வீட்டிலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து வருடத்தில் அவர் அதில் இருந்தது இரண்டு தடவை. இரண்டாம் தடவை நுளம்பு கடித்து எழுப்பிவிட்டது. மற்ற நாளெல்லாம் போனில்தான் பார்ப்பார். வீட்டைச் சுற்றிக் கமரா. அதில் ஒன்று டெக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். ஆளில்லாத மேடைக்கு ஆயுட்காலப் பார்வையாளர்!

மகளின் இருபத்தோராவது பிறந்தநாளை அந்த டெக்கில் கொண்டாடப் போவதாகவும், பலகை நரைத்துப்போனதால் அதைப் புதுப்பிக்க வேண்டுமென்றும் எனக்குப் போன் எடுத்தார். இந்தப் பத்தியை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், வேலை என்று வந்தால் நான் மாட்டேன் என்று சொல்கிற ஆளில்லை. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடம் ஒரு பக்கம் இடம்பெயர்ந்தது, நான் ஒரு பக்கம் இடம்பெயர்ந்தேன். பிரஷ் பிடிக்கப் பழகியது செட்டிகுளம் அகதி முகாமில், கூடாரங்களுக்கு இலக்கம் எழுதி. பிறகு கட்டாரில் சுவர். வவுனியாவில் இரும்புக் கேற். டெக் ஒன்றுதான் மிச்சம்.

மூன்று நாள் கழுவி, சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்தேன். நரைக்குக் கீழே நல்ல மரம் இருந்தது. பூச வேண்டிய ஸ்டெயின் — மரத்துக்குத் தேக்கு நிறம் ஏற்றும் பூச்சு — கனடாவிலிருந்தே பார்சலில் வந்திருந்தது. தகர ரின்னில் இருந்த ஆங்கிலம் முழுக்க விளங்கவில்லை. ஆனால் படம் விளங்கியது. இரண்டு பிரஷ். இரண்டு தரம் பூசு என்று அர்த்தம். இரண்டு வரை எண்ண எனக்கு எட்டாம் வகுப்பே அதிகம்.

வீடியோ அழைப்பில் ரின்னைத் தூக்கிக் காட்டினேன். சிவம் அண்ணை படத்தைப் பார்க்கவேயில்லை.

"பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் மூண்டு கோட் அடிச்சவன். நீ நாலு அடி."

விவாதம் முடிந்தது. இது அவருடைய குணம் மட்டுமா? ஏ-9 வீதியால் பஸ்ஸில் போகும்போது யன்னலால் பாருங்கள். வெளிநாட்டுக்காரர் வீட்டுக் கேற்றில் இரண்டு சிங்கம் காணாதென்று நாலு. மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி காணாதென்று இரண்டு, அதுவும் தங்க நிறம். குடியிருப்பது யார்? ஒரு பூட்டு.

முதல் பூச்சை மரம் குடித்தது. இரண்டாவதையும் குடித்தது. மூன்றாவதைச் சப்பி வைத்துக்கொண்டது. நாலாவதை... வேண்டாமென்று சொல்லிவிட்டது. பாகு காய்ச்சி ஊற்றியதுபோல் மேலேயே நின்றது. இரண்டு நாள் கழித்தும் பிசுபிசுப்பு. குறுக்கே போன கோழி மூன்று சிறகை விட்டுவிட்டுப் போனது. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன் — ஒருவர் வீட்டுப் பலகையில் செருப்போடு ஏறுகிற வழக்கம் நமக்கு ஏது? — தேக்குக் காலோடு இறங்கினேன்.

மலர் அக்கா மட்டும் மணிக்கொரு தரம் வந்து, எப்போது காயும் என்று கேட்டார். சிவம் அண்ணைக்கு ஒன்றுவிட்ட அக்கா. வீட்டைப் பார்த்துக்கொண்டு பின் அறையில் இருக்கிறார். பக்கத்தில் ஒரு ஏக்கர் வயல் செய்கிறார். டெக்கின் அழகில் அவருக்கு இவ்வளவு அக்கறையா என்று நினைத்தேன். பிறகுதான் சொன்னார்.

ஐந்து வருடமாக மலர் அக்கா விதைநெல் காயவைப்பது அந்த டெக்கில்தான். கூடாதென்று சிவம் அண்ணையின் கண்டிப்பான கட்டளை. ஆனால் இங்கே காலை ஒன்பது மணிக்கு ரொறன்ரோவில் அவர் படுக்கப் போய்விடுவார். ஒன்பதரைக்கு மலர் அக்கா படங்கை விரிப்பார் — சாக்குகளைப் பிரித்துச் சேர்த்துத் தைத்த அகலமான விரிப்பு. பின்னேரம் நாலுக்கு அவர் அங்கே எழும்புவதற்குள் நெல் சாக்குக்குள், டெக் கூட்டித் துப்புரவு. ரொறன்ரோ நேரம் அக்காவுக்கு மனப்பாடம்.

கமரா பதிந்து வைத்திருக்குமே என்றேன்.

"வெறும் பலகையை ஆர் தம்பி திருப்பி ஓட்டிப் பாக்கிறது?"

இந்த முறை அறுவடைக்குள் மழை. முற்றம் முழுக்கச் சேறு. நாலு மூட்டை விதைநெல் ஈரத்தோடு கட்டிக் கிடக்கிறது. தார் வீதியில் போட்டால் என்ன என்று கேட்டேன். சாப்பாட்டு நெல்லென்றால் போடலாமாம். விதைநெல்லைத் தார்ச்சூடு கொன்றுவிடுமாம். இது போனால் அடுத்த போகத்துக்கு விதைக்க அவரிடம் ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை நல்ல வெயில் விழுந்தது. சிவம் அண்ணை குடும்பத்தோடு விமானத்தில். அடுத்த நாள் காலை வந்து இறங்குவார். மலர் அக்கா படங்கோடு வந்து நின்றார்.

"பிளேன்ல இருந்து கமரா பாக்கேலுமே தம்பி?"

ஏலாது என்றேன். பூச்சு காயவில்லை, எல்லாம் ஒட்டும், அவர் பார்த்தால் உங்களையும் வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார் என்றும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து மூட்டைக்குள் விட்டார். உள்ளே நெல், காய்ச்சல்காரனின் நெற்றிபோலச் சுட்டது. முளைக்கத் தொடங்குகிற சூடு.

படங்கின் மற்ற நுனியை நான் பிடித்தேன்.

பின்னேரம் நெல்லை அள்ளிவிட்டுப் படங்கைத் தூக்கினோம். காயத்திலிருந்து பிளாஸ்டர் உரிக்கிற சத்தம்! டெக் முழுக்கச் சாக்கின் குறுக்கும் நெடுக்குமான இழை அச்சு. ஓரங்களில் சிந்திய நெல்மணிகள், பதித்துவிட்டதுபோல. இனித் தேய்க்க நேரமில்லை. மலர் அக்கா அன்றிரவே தன் உடுப்புப் பையைக் கட்டிவைத்தார்.

காலை ஆறு மணிக்கு விமான நிலையத்திலிருந்து வான் வண்டி வந்தது. சிவம் அண்ணை வீட்டுக்குள்கூடப் போகவில்லை. நேரே பின்பக்கம். சப்பாத்தைக் கழற்றினார், ஏறினார், நின்றார். குனிந்து பலகையைத் தடவினார்.

"இதென்ன பினிஷ்?"

நான் மேலே பறந்த கொக்கைப் பார்த்தேன். மலர் அக்காதான் பதில் சொன்னார்.

"அஞ்சாம் கோட், தம்பி."

சிவம் அண்ணை ஒரு நெல்மணியை நகத்தால் கிளப்பி எடுத்தார். பார்த்தார். முப்பது வருடம் கனடாவில் இருந்த மனிதர், உருத்திரபுரத்து வயல்காரனின் மகன் — யோசிக்காமல், காய்ந்த பதம் பார்க்க, அதைக் கடைவாயில் வைத்துக் கடித்தார். அடுத்த கணம் ஸ்டெயினைத் துப்பினார். துப்பிவிட்டுச் சொன்னார்:

"இன்னும் ஒரு வெயில் வேணும் அக்கா."

பிறந்தநாள் முன் விறாந்தையில் நடந்தது. டெக்கில் நெல் காய்ந்தது, கமராவுக்கு நேரே, பட்டப்பகலில். மலர் அக்கா ஒரு பிடியை ஊறவைத்துப் பார்த்தார். முளை பழுதில்லை. உடுப்புப் பை அவிழ்ந்துவிட்டது.

சிவம் அண்ணை சும்மா இருப்பாரா? டெக்கைப் படமெடுத்து, 'வன்னியின் கைவேலைப்பாடு' என்று பேஸ்புக்கில் போட்டுவிட்டார். அதே பினிஷ் தங்கள் டெக்குக்கும் வேண்டுமென்று லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் எனக்குப் போன் வருகிறது.

அடுத்த அறுவடை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.