பக்கத்து இருக்கையில் ஒரு துணிப்பை

இந்த ஊரில் சாலையோரம் நடந்தால் வண்டிகள் நிற்கின்றன. வந்த புதிதில் பயந்துவிட்டேன். மலாக்கா பக்கம் ஜாசினில் என் அறையிலிருந்து கடைத்தெருவுக்குப் பத்து நிமிட நடை. அதற்குள் ஒரு கார் வேகம் குறைந்து கண்ணாடி இறங்கும். உள்ளேயிருந்து ஒரு மலாய் அம்மா எங்கே போகிறாய் என்று கேட்பார். கொஞ்ச தூரத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் அதையே கேட்கும். நடப்பவளுக்கு ஏதோ கஷ்டம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடக்கப் பிடிக்கும் என்று நான் சொன்னபோது பின்சீட்டில் இருந்த குழந்தைகள்கூடச் சிரித்தன. சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் எவ்வளவு தூரம் நடந்தாலும் யாரும் நிறுத்திக் கேட்டதில்லை. எல்லோரும் நடப்பவர்கள்தானே. இங்கு வந்து எட்டு மாதமாகியும் நான் அப்படி நிறுத்திய யார் வண்டியிலும் ஏறியிருக்கவில்லை. என் காலால் போய்க்கொள்வேன் என்ற வீம்புதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர்கள். மலாக்காவில் ஒரு பல்கலைக்கழகம் முழு உதவித்தொகை தந்து என்னை முதுகலைக்கு எடுத்துக்கொண்டது. படிப்பு சிறப்புக் கல்வி. அதிலும் என் பிரிவு, கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகள் பள்ளியை முடித்து வேலைக்கும் வெளி வாழ்க்கைக்கும் மாறும் காலத்தில் கூட இருந்து பழக்குவது. உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பிள்ளையையாவது வேலையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

எனக்குக் கிடைத்தவள் லோகேஸ்வரி. பத்தொன்பது வயது. நியாலாஸ் போகிற வழியில் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வீடு. அம்மா பத்மா அக்கா விடிந்ததும் தோட்ட வேலைக்குப் போய்விடுவார். ஜாசினில் ஒரு டோபிக் கடையில் சலவைத் துண்டு மடிக்கும் வேலை லோகேசுக்காகக் காத்திருந்தது. தானாக வரவேண்டும், நேரத்துக்கு வரவேண்டும், மாதக் கடைசிக்குள் பழகாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று கடைக்காரம்மா சொல்லிவிட்டார். துண்டு மடிப்பதில் லோகேசை யாரும் குறை சொல்ல முடியாது. பஸ்தான் பிரச்சினை. ஜாசினிலிருந்து வரும் பஸ் நியாலாஸ் வரை போய்த் திரும்பும். அதில் வந்து தோட்டத்து வாசலில் இறங்கி, சாலையைக் கடந்து, அது திரும்பி வரும்போது அவளோடு ஏறுவேன். அதை விட்டால் மத்தியானம்தான் அடுத்தது.

எங்கள் பாடத்தில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பக்கத்தில் உட்கார வேண்டும். பிறகு ஒரு வரிசை பின்னால். பிறகு கடைசி வரிசை. பிறகு பஸ்ஸிலேயே இருக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக நாம் இல்லாமல் போவதுதான் வேலை. படிக்கும்போது அழகாக இருந்தது.

அப்போது எனக்குப் பேச வேறு ஆள் இல்லை. அறைத்தோழிகள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு காதில் இயர்போனோடு இருப்பார்கள். கோயிலில் வாயைத் திறந்தால், "நீங்க டீவி நாடகத்துல பேசுற மாதிரி பேசுறீங்க லா" என்று இந்த ஊர் 'லா'வைச் சேர்த்துச் சிரிப்பார்கள், அன்பாகத்தான். அதன்பின் பேச்சு நகராது. லோகேஸ் மட்டும் என் தமிழைக் கவனித்ததே இல்லை. பஸ்ஸில் ஏறியதும் தன் பச்சைத் துணிப்பையைப் பக்கத்து இருக்கையில் வைத்து எனக்கு இடம் பிடிப்பாள். நான் பின்வரிசைக்குப் போன பிறகும் வைத்தாள். கடைசி வரிசைக்குப் போனபோது பையைத் தட்டிக்காட்டித் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவளுக்கு வாசிக்க வராது. பஸ் எண்ணை அட்டையில் வரைந்து கொடுத்து, பஸ் நெற்றியோடு ஒப்பிடப் பழக்கினேன். அந்த அட்டையை வரையும்போதுதான் அம்மாவின் நினைவு வந்தது. அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. ஆறு வயதிலிருந்தே பஸ் போர்டை நான்தான் உரக்க வாசித்துச் சொல்வேன். நிறுத்தத்தில் நிற்கும் பெண்கள் எல்லாம் நான் வாசிக்கக் காத்திருப்பார்கள். எனக்கு அப்படி ஒரு பெருமை. அந்த வாரம் போனில் கேட்டேன், இப்போது எப்படிப் போகிறாய் என்று. "யாரையாச்சும் கேட்டு ஏறுறேன். சில பேரு கண்ணு தெரியலையாம்பாங்க" என்றாள். அத்தனை வருஷமும் வாசித்துச் சொன்னேனே தவிர, ஒரு அட்டை வரைந்து கொடுக்க எனக்குத் தோன்றியதே இல்லை.

லோகேஸ் தனியாக வரவேண்டிய முதல் நாள், ஜாசின் பஸ் நிலையத்தில் தூணுக்குப் பின்னால் நின்றேன். பஸ் வந்தது. அவள் இறங்கவில்லை. டோபிக் கடைக்கு ஓடினேன். அவள் எனக்கு முன்பே வந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். காய்கறி வேன் ஓட்டும் செல்வம் அங்கிள் வழியில் ஏற்றி வந்திருந்தார். மறுநாளும் அவரே. சந்தையில் அவரைப் பிடித்து, ஏன் ஏற்றினீர்கள் என்று கோபமாகவே கேட்டேன். அவர் தக்காளிக் கூடையைக் கீழே வைத்தார்.

"பிள்ளைய ரோட்டுல நிக்க வெச்சிட்டு நீங்க ஒளிஞ்சி நின்னு பாக்குறீங்க. இதுக்குத்தான் இந்தியாவுலேர்ந்து வந்து படிக்கிறீங்களா, டீச்சர்?"

பத்மா அக்காவிடம் போய், யாரும் அவளை ஏற்றக் கூடாது என்று தோட்டத்தில் சொல்லச் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே யோசித்தார்.

"அத நா சொல்ல மாட்டேன் டீச்சர். நீங்க படிப்பு முடிஞ்சி போயிருவீங்க. அவங்கதான் இங்க இருப்பாங்க."

ஆனால் அங்கிள் சந்தைக்கு வராத நாளில் அவள் வேலை போய்விடும். அதனால் ஊரைத் தடுப்பதை விட்டுவிட்டு லோகேசுக்கு ஒரு வாக்கியம் பழக்கினேன். நான் அங்கிளாக நடித்து வேனை நிறுத்துவேன், அவள் சொல்வாள். ஒரு வாரம் இதுவே விளையாட்டாக இருந்தது. என் அங்கிள் குரலுக்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

மாதக் கடைசிக்கு முந்தின வாரம், பஸ்ஸிலிருந்து இறங்கிய நான் சாலையைக் கடக்காமல் இந்தப் பக்கமே நின்றுகொண்டேன். எதிர் நிறுத்தத்து இருக்கையில் லோகேஸ், மடியில் பை. செல்வம் அங்கிளின் வேன் நின்றது. அவள் ஏதோ சொன்னாள். அவர் என்னைக் கண்டு, வேனைத் திருப்பி என் பக்கம் கொண்டு வந்தார்.

"வேணாங்கிறா. பஸ் வருது, வேலைக்குப் போறேன்னு என்கிட்டயே சொல்றா."

அவர் முகத்தில் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. அதற்குள் பஸ் வந்தது. லோகேஸ் அட்டையை உயர்த்தி ஒப்பிட்டுப் பார்த்து ஏறினாள். பஸ் ஜன்னல் வழியே அவளைப் பார்த்தேன். பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். ஒரு மலாய்ப் பாட்டி வந்து நின்றார். லோகேஸ் ஒரு கணம் பையையே பார்த்துவிட்டு, எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் போய்விட்டது.

நான் திரும்ப வேண்டிய பஸ்ஸும் அதுதான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"மத்தியானம் வரைக்கும் இங்கயே நிப்பீங்களா? ஏறுங்க லா," என்றார் அங்கிள்.

ஏறினேன். காலடியில் கீரைக்கட்டுகள். சாலை முழுக்க இரண்டு பக்கமும் செம்பனை. வழியில் எதிர்ப்பட்ட எல்லோருக்கும் அங்கிள் கையைக் காட்டினார். வேனுக்குள் எட்டிப் பார்த்து அவர்கள் எனக்கும் காட்டினார்கள். ஜாசினை நெருங்கும்போது பஸ்ஸை முந்தினோம். லோகேஸ் ஜன்னலோரம் இருந்தாள். நான் கையை உயர்த்தினேன். அவள் கண் என்மீது பட்டது, நகர்ந்தது. விரல்களை மடக்கி நிறுத்தங்களை எண்ணிக்கொண்டிருந்தாள், நான் சொல்லிக் கொடுத்தபடியே.