அரைப்பேரு ரொட்டி

இலங்கை மலையகத்து அட்டனில் நான் படித்தபோது எங்கள் விடுதிக்கு ஒரு வார்டன் இருந்தார். கழுத்தில் மப்ளர், காலில் பளபளக்கும் சப்பாத்து. தமிழையும் ஆங்கிலம் மாதிரி விறைப்பாகப் பேசுவார். எந்த அறைக்குள் வந்தாலும் முதலில் மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடிப்பார். அறையில் சமைத்தால் விடுதியை விட்டே வெளியேற வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

விடுதிச் சோறோ எனக்கு வயிற்றின் ஒரு மூலைக்கும் காணாது. சட்டை தேய்க்கிற கரிப்பெட்டியைத் திறந்து, தணல்மேல் பிஸ்கட் தகரத்தின் மூடியை வைத்து, கோதுமை மாவில் தேங்காய்ப்பூ பிசைந்து ரொட்டி சுடுவேன்.

ஒரு மழை மாலையில் அவர் வந்துவிட்டார். ரொட்டிகளைத் துவாயால் மூடிவிட்டு, ஒரு சட்டையைக் கையில் எடுத்தேன்.

"என்ன செய்கிறீர்?"

"சட்டை தேய்க்கிறேங்க சேர்."

"சட்டையில் ஏன் தேங்காய் வாசனை?"

"செரட்டைக் கரிங்க சேர்."

துவாயைத் தூக்கினார். முழு ரொட்டி இரண்டும், திருப்பும்போது பிய்ந்த பாதி ரொட்டி ஒன்றும் இருந்தன. பெட்டி படுக்கையோடு ஊருக்கு அக்கரப்பத்தனை பஸ்ஸில் ஏறுவது என் கண்ணுக்குள் வந்து போனது.

"அந்த அரைப்பேரு யாருக்குப்பா?" என்றார்.

எங்கள் தேயிலைத் தோட்டங்களில் பாதி நாள் கூலிக்குத்தான் அரைப்பேரு என்று பெயர். பிய்ந்த ரொட்டியை அப்படிச் சொல்வது தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அடுப்பங்கரையில் மட்டும்தான்.

"ஒங்களுக்குத்தாங்க சேர்."

நின்றபடியே தின்றார். மப்ளரால் வாயைத் துடைத்துக்கொண்டு, "கரி அதிகம்" என்று பழைய விறைப்போடு சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு என் அறைக்கு மட்டும் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார். அவருக்கு எந்தத் தோட்டம் என்று கேட்க எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.