கேட்காமல் எடுத்த விடத்தலை

கோவில்பட்டியில் மோட்டார் பம்பும் குழாயும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். அது பிழைப்பு. என் பெருமையெல்லாம் வீட்டு மொட்டைமாடியில் இருந்தது. நாற்பத்து மூன்று தொட்டிகள். ஆலும் இச்சியும் புளியும் வேம்பும் முழங்கால் உயரத்தில் முழு மரங்களாக நிற்கும். இருபது வருடத்துக்கும் மேலான உழைப்பு.

எங்கள் போன்சாய் வட்டத்தில் சாத்தூர், சிவகாசி, தூத்துக்குடிக்காரர்கள் எல்லாம் சேர்த்து இருபத்தைந்து பேர் இருப்போம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். கிளைக்குக் கம்பி கட்டுவது, வேர் கழிப்பது, தொட்டி மாற்றுவது என்று புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நான்தான். காட்டிலோ வயலிலோ தானாக வளர்ந்த மரத்தை எடுத்துவந்து தொட்டியில் வைப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் ஒன்று சொல்வேன். நிலத்துக்காரரிடம் கேட்காமல் மண்ணில் கடப்பாரை படக்கூடாது. வட்டத்தின் விதிகளில் அதை எழுதிச் சேர்த்ததும் நான்தான்.

எழுதிய மறுவருடமே அதை மீறினேன்.

கடம்பூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் மோட்டார் இறக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அந்த மரத்தைப் பார்த்தேன். உளுந்து விதைத்திருந்த இரண்டு புஞ்சைகளுக்கு நடுவே, வரப்பின் மேல் ஒரு விடத்தலை. ஆடுகள் கடித்துக் கடித்து இரண்டடிக்கு மேல் வளரவிடாமல் வைத்திருந்தன. அடிமரம் என் தொடை கனம். பட்டை முழுக்கப் பிளந்து, ஒரு பக்கம் உளுத்து உள்வாங்கி, கிளைகள் குடை விரித்தாற்போல் பரந்திருந்தன. தொட்டியில் ஒருவன் ஐம்பது வருடம் முயன்றாலும் அந்த உடம்பு வராது. வண்டியை நிறுத்தி இறங்கி அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அடுத்த இரண்டு வாரத்தில் காரணமே இல்லாமல் அந்தப் பக்கம் இரண்டு முறை போனேன்.

நிலம் யாருடையது என்று விசாரிக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஊர்க்காரர்கள் பலர் என் கடைக்கு வருகிறவர்கள். கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் விசாரிக்கவில்லை.

ஐப்பசி மழை இரண்டு நாள் கொட்டி ஓய்ந்த ஒரு ஞாயிறு காலை கடப்பாரை, ரம்பம், ஈரச்சாக்கு எல்லாம் காரில் போட்டுக்கொண்டு போனேன். நனைந்த கரிசலில் ஒரு எட்டு வைத்தால் காலோடு ஒரு படி மண் வரும். இரண்டு மணி நேரம் தோண்டினேன். ஆணிவேரை அறுத்துக்கொண்டிருந்தபோது ஆடு பத்திக்கொண்டு வந்த ஒரு அம்மா வரப்பில் நின்று பார்த்தார்.

"எதுக்குய்யா இதைப் போயித் தோண்டுதீங்க?"

"நிலத்துக்காரர்ட்ட கேட்டாச்சும்மா," என்றேன்.

பேண்ட் போட்ட ஆள், பக்கத்தில் கார். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. "சரிய்யா" என்று ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். நாக்கு கூசாமல் அந்தப் பொய் எப்படி வந்தது என்று இப்போது நினைத்தாலும் உடம்பு குன்றுகிறது.

மரம் பிழைத்துக்கொண்டது. மாடியில் நிழல்வலைக்குக் கீழே இரண்டாம் மாதம் துளிர் விட்டது. வட்டத்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். எங்கே கிடைத்தது என்று கேட்டவர்களிடம், கடம்பூர்ப் பக்கம், கேட்டு எடுத்தேன் என்று சொன்னேன்.

அடுத்த ஆனி மாதம், கடைக்குப் புஞ்சை வைத்திருக்கிற ஒரு சம்சாரி வந்தார். பல வருட வாடிக்கை. எப்போதும் தம்பியோடுதான் வருவார். இருவருக்கும் பொதுவில் ஒரு கிணறு. மோட்டாருக்கு எது வாங்கினாலும் இருவரும் சேர்ந்து வந்து, சேர்ந்து பார்த்து எடுப்பார்கள். அன்று தனியாக வந்து கிணற்றில் போட ஒரு ஃபுட்வால்வு கேட்டார்.

"தம்பி வரலையா அண்ணாச்சி?" என்றேன் சாதாரணமாக.

"அவனோட பேச்சே கெடையாது. எங்க ஐயா இருக்கையிலேயே புஞ்சையை ரெண்டாப் பிரிச்சுக் குடுத்துட்டாவ. நடுவுல ஒரு விடத்தலை நிக்கும். அதுதான் பொழி, ரெண்டு பேருக்கும் எல்லை. எல்லாம் வாய்ச்சொல்லுதான், பத்திரத்துல கெடையாது. போன மழையில அதை ஒருத்தன் தோண்டிக் கொண்டுபோயிட்டான். ஆடு மேய்க்கிற அக்கா பாத்துருக்கு. நிலத்துக்காரர்ட்ட கேட்டாச்சுன்னு சொன்னானாம். நான் சொல்லல. அப்பம் சொன்னது யாரு? அவன்தான?"

என் கை ஃபுட்வால்வைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தாமல் சுற்றினேன்.

"அவன் என்ன சொல்லுதான் தெரியுமா? நாந்தான் ஆளை விட்டுத் தோண்டச் சொன்னேங்கான். அது போக, இப்பம் எம் பக்கத்துல ரெண்டடி தள்ளி விடத்தலை முளைச்சிருக்கு. அதுதான் பழைய இடமாம். அது வரைக்கும் அவன் நிலமாம். கூடப்பிறந்தவன் பேசுத பேச்சா அது?"

விடத்தலையின் பக்கவேரை அறுத்தால் அறுத்த இடத்திலிருந்து புதுக்கன்று கிளம்பும். மரம் நின்ற இடம் வேறு, கன்று வருகிற இடம் வேறு. இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கன்று என் ரம்பத்தால் வந்தது. ஒரு வாக்கியம் போதும், அண்ணன் தம்பி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். நான் என்ன செய்தேன் என்றால், "டீ சாப்பிடுதீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன். டீ வரவழைத்துக் கொடுத்தேன். "எல்லாம் சரியாப் போகும்" என்றும் சொன்னேன். அவர் டீயைக் குடித்துவிட்டு, மனசில் இருந்ததை இறக்கிவைத்த ஆறுதலோடு போனார்.

அன்று மாலை மாடிக்குப் போய் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இப்படியே பல நாட்கள் நினைத்தேன்.

ஒரு வருடம் கழித்துத் தம்பி கடைக்கு வந்து பத்திரிகை வைத்தார். மகளுக்குக் கல்யாணம், கோவில்பட்டியிலேயே மண்டபம். போகாமல் இருந்தால் தப்பாகத் தெரியும் என்று போனேன். மேடையில் மொய்க்கவரைக் கொடுக்க வரிசையில் நின்றபோது, மணப்பெண் தலையைத் திருப்பித் தன் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

"பெரியப்பா கடைசி வரைக்கும் வரலையாப்பா?"

"நீ போட்டோவைப் பாரு தாயி," என்றார் அவர்.

வெளியே வந்து நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். அதை யாரும் என்னிடம் குற்றமாகச் சொல்லவில்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் அடுத்த தை மாதம் மதுரைக் கண்காட்சிக்கு மரத்தைக் கொண்டுபோனேன். அது அப்போதுதான் ரோஜா நிறமும் மஞ்சளுமாகப் பூத்திருந்தது. விண்ணப்பத்தில் மரம் எப்படிக் கிடைத்தது என்ற இடத்தில் 'நில உரிமையாளரின் சம்மதத்துடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல் பரிசு. கேடயத்தோடு என்னையும் மரத்தையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள்.

அதற்கடுத்த வட்டக் கூட்டம் என் வீட்டு மாடியில் நடந்தது. தூத்துக்குடியிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் நோட்டும் பேனாவுமாக முன்னால் உட்கார்ந்திருந்தார். விடத்தலையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சார், எங்க ஊர்ப் பக்கம் உப்பளத்து ஓரத்துல ஒரு உடைமரம் பாத்து வச்சிருக்கேன். நிலத்துக்காரர்ட்ட எப்படிப் போய்க் கேக்கதுன்னுதான் தெரியல. வெக்கமா இருக்கு. நீங்க இதை எப்படிக் கேட்டீங்க?"

இருபது பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஒரு கதை சொன்னேன். நிலம் அண்ணன் தம்பி இருவருக்குப் பொது என்றேன். முதல் நாள் போய்ப் பேச்சு மட்டும் கொடுத்தேன், மரத்தைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை என்றேன். மறுவாரம் கேட்டதும் இருவரும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள், மோர் கொடுத்தார்கள், அண்ணன் கடப்பாரை போட, தம்பி சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்றேன். தலைமையாசிரியை தலையை ஆட்டியபடி ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். "மனுஷங்க எவ்வளவு நல்லவங்களா இருக்காங்க சார்" என்றார்.

எல்லோரும் போன பிறகு என்னால் மாடியை விட்டு இறங்க முடியவில்லை. அந்த அண்ணன் தம்பியிடம் மரத்தை எடுத்தது போதாதென்று, அவர்கள் ஒற்றுமையாக இருந்ததையும் என் கதைக்கு எடுத்துக்கொண்டேன். மனைவி மேலே வந்து, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் "காலையில போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

காலையில் மரத்தைக் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். அண்ணன் கிணற்றடி மோட்டார் ரூமில் இருந்தார். "வாங்க அண்ணாச்சி, என்ன இம்புட்டுத் தூரம்?" என்று சிரித்தபடி வந்தார். டிக்கியைத் திறந்து காட்டினேன். தட்டையான தொட்டியும் கம்பி கட்டிய கிளையுமாக இருந்ததால் முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு அடிமரத்தின் உளுத்த பள்ளத்தில் கையை வைத்தார். கையை எடுக்கவில்லை.

"தோண்டினது நான்தான்," என்றேன். "யார்ட்டயும் கேக்கல. கேட்டதா ஆடு மேய்க்கிற அம்மாட்டப் பொய் சொன்னேன். உங்க தம்பிக்கு ஒண்ணுமே தெரியாது. புதுசா முளைச்சதும் நான் அறுத்த வேர்லேர்ந்து வந்ததுதான்."

அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்துப் புஞ்சைக்காரரை அழைத்து, தம்பியைக் கூட்டி வரச் சொன்னார். அண்ணன்தான் தம்பியோடு பேசுவதில்லையே. தம்பி வந்து பத்தடி தள்ளி நின்றார். நான் எல்லாவற்றையும் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

அண்ணன்தான் முதலில் பேசினார். "அன்னைக்குக் கடையில டீ வாங்கிக் குடுத்தீங்களே அண்ணாச்சி. அப்பவே உங்களுக்குத் தெரியும், என்ன?"

"தெரியும்."

"எல்லாத்தையும் உங்ககிட்டயே வந்து சொல்லிட்டு உக்காந்துருந்துருக்கேன் பாருங்க."

மரத்தை இருந்த இடத்திலேயே நட்டுத் தருகிறேன், தண்ணீர் நானே வந்து ஊற்றுகிறேன் என்றேன். தம்பி வரப்பைக் காட்டினார். சர்வேயர் அளந்து நட்ட கல் வெள்ளையடித்து நின்றது.

"இனி மரம் எதுக்கு?" என்றார். "எம் மக கல்யாணத்துக்கு அவிய பெரியப்பா வரல. அந்தப் பிள்ளை மேடையில வச்சுக் கேட்டுச்சு. அதை எந்த வண்டியில ஏத்திக் கொண்டாருவீங்க?"

அண்ணன் அதைக் கேட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். இருவரும் ஒருவரோடு ஒருவர் ஒரு சொல்லும் பேசவில்லை. இந்த இரண்டு வருடத்தில் ஒருவரைப் பற்றி ஒருவர் என்னென்னவோ பேசியிருப்பார்கள். மரம் காரணம் இல்லை என்று தெரிந்துவிட்டதால் பேசியதெல்லாம் இல்லை என்று ஆகிவிடுமா.

டிக்கியைத் திறந்து வைத்தபடியே நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் சொன்னார், "வெயில்ல வச்சுக்கிட்டு நிக்காதீங்க. இலை சுருளுது. கொண்டு போங்க."

அந்த ஞாயிறே வட்டத்தைக் கூட்டிச் சொன்னேன். ஒருவர், "விடுங்க சார், யாரு கேட்டு எடுக்கா? நாங்க மட்டும் என்ன யோக்கியமா?" என்று என் தோளில் கை போட்டார். அந்தக் கையை உதற வேண்டும் போல இருந்தது. தலைமையாசிரியை கிளம்பும்போது நோட்டைத் திறந்து என் கதையை எழுதிய பக்கத்தைக் காட்டினார்.

"இதை நான் என்ன செய்ய சார்?"

"அடிச்சிருங்கம்மா."

அவர் அங்கேயே நின்று ஒவ்வொரு வரியாக அடித்தார். முழுப் பக்கம். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த மாதத்திலிருந்து அவர் வரவில்லை. உடைமரத்தைக் கேட்டாரா, எடுத்தாரா, எனக்குத் தெரியாது.

கேடயத்தை மதுரைக்கு அனுப்பிவைத்தேன். பாடம் எடுப்பதை நிறுத்திக்கொண்டேன். கூட்டங்களுக்குப் போகிறேன், பின்னால் உட்கார்ந்து மற்றவர்கள் கம்பி கட்டுவதைப் பார்க்கிறேன். விடத்தலை மாடியில் ஓர் ஓரத்தில் இருக்கிறது. அதைக் காயவிட எனக்கு மனசு வரவில்லை. மற்ற மரங்களை விட அது செழிப்பாக இருக்கிறது என்பதும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அண்ணன் அதன் பிறகு என் கடைக்கு வரவில்லை. தம்பி ஒரே ஒரு முறை குழாய் வாங்க வந்தார். கல்லாவில் நான் இருப்பதைப் பார்த்துவிட்டு, கடை ஆளிடமே பேசி வாங்கிக்கொண்டு போனார்.

போன மாதம் அந்த ஊர்க்காரர் ஒருவர் மோட்டார் பார்க்க வந்தவர், பேச்சுவாக்கில் சொன்னார், தம்பி மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறதாம். பெரியப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். தம்பி அந்த நேரம் அங்கே இருந்தாரா, இருவரும் பேசிக்கொண்டார்களா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியதால், அவர் கேட்ட மோட்டாரை எடுத்துக் காட்டினேன்.