திலோரமின் மூன்றாவது தொட்டில்

என் புருஷன் நோர்மத்துக்கு வாய் கிடையாது, கை மட்டும்தான். முப்பது வருஷமாக எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் அவர் செய்த தொட்டிலில்தான் வளர்ந்தார்கள். மரவேலை அவருடையது, வர்ணம் என்னுடையது. இரும்பு ஆணி ஒன்றுகூடச் சேர்க்கமாட்டார், எல்லாம் மர ஆப்புதான். முடித்ததும் உள்ளே ஒரு முலாம்பழத்தை வைத்துத்தான் ஆட்டிப் பார்ப்பார். வெறும் தொட்டிலை ஆட்டுவது எங்களுக்கு ஆகாது. இவ்வளவு பார்க்கிற மனுஷன், சொந்த மகள் விஷயத்தில் புத்தியை அடகு வைத்துவிட்டார்.

குழந்தை பிறந்து, அது அழுத சத்தம் காதில் விழுந்த பிறகுதான் தொட்டிலுக்கு மரம் அறுக்க வேண்டும். இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மகள் திலோரம் முதல்முறை உண்டானபோது, ஏழாம் மாதமே இவர் முசுக்கட்டை மரத்துண்டை இழுத்து வந்து பட்டறையில் போட்டார். ஒரே மகள், பொறுக்க முடியவில்லை. நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவர் கடைசல் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அந்தப் பையன் பதினெட்டு நாள்தான் இருந்தான். இரண்டாம் முறையும் பிறக்கும் முன்பே செய்தார். அந்தப் பெண் குழந்தை முப்பத்தொரு நாள் இருந்தாள். இரண்டு பேருக்கும் கடைசி நாட்களில் உதடு நீலமாகிவிட்டது. இதயத்தில் கோளாறு என்றார்கள் டாக்டர்கள். எங்கள் சம்பந்தியம்மா இனோபத், தொட்டில்தான் காரணம் என்று, டாக்டர் பேச்சைக் காதில் வாங்கவில்லை. இரண்டு தொட்டில்களையும் கோடாலியால் பிளந்து ரொட்டி அடுப்பில் போட்டாள். எனக்கு அவள்மேல் வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு அது. நான் என்ன சொல்ல முடியும்?

மூன்றாம் முறை, பெண் பிறந்திருக்கிறாள் என்று போன் வரும்வரை அவர் ஒரு குச்சியைக்கூடத் தொடவில்லை. போனில் அழுகைச் சத்தத்தைக் கேட்டபிறகு பட்டறைக்குள் போனார். தாய்வீட்டுத் தொட்டிலில் பிள்ளையைக் கட்டிப் போடும் சடங்கு பதினோராம் நாள், சம்பந்தி வீட்டில். அதற்குள் முடித்தாக வேண்டும்.

அந்த மாதிரி அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. இரண்டு பக்கத்து வளைவுகளையும் மூன்று தடவை செதுக்கி மூன்று தடவை ஒதுக்கிப் போட்டார். குழந்தையின் மூத்திரம் கீழே சட்டியில் விழுவதற்காக அடிப்பலகையில் ஒரு துளை போடுவோம். அந்தத் துளையை அறுக்கும்போது பாதியில் நிறுத்தினார். உளியைக் கீழே வைத்துவிட்டு முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி எடுத்தார். நின்றபடியே தின்றார். நான் டீயை நீட்டினால் குடிக்க மறந்து கையில் வைத்துக்கொண்டே தொட்டிலைப் பார்ப்பார். ஒருநாள் நான் கேட்டே விட்டேன், என்னதான் பயம் என்று.

"என் கையில ஏதோ தோஷம் இருக்கோன்னு தோணுது" என்றார்.

பைத்தியக்காரத்தனம் என்று திட்டினேன். ஆனால் அன்று மாதுளைப்பூவை நானும் இரண்டு தடவை அழித்து வரைந்தேன்.

ஒன்பதாம் நாள் காலை, வர்ணம் காய்ந்துகொண்டிருந்தபோது மருமகன் வந்தான். உட்காரவில்லை, டீயும் வேண்டாம் என்றான். வாசல் கதவைப் பிடித்தபடி, தரையைப் பார்த்துப் பேசினான்.

"அத்தை, அம்மா சொல்லி அனுப்பினாங்க. மாமா கைபட்ட தொட்டில் எங்க வீட்டு வாசப்படி ஏறக்கூடாதாம். வேற பிள்ளைங்க நல்லா வளர்ந்த பழைய தொட்டிலாப் பாத்துக் கொண்டு வரணுமாம். இல்லேன்னா திலோரம் பிள்ளையோட உங்க வீட்டுக்கே வந்துரட்டும்ங்கிறாங்க."

உனக்கு வாயில்லையா என்று அவனைக் கேட்டேன். இரண்டு பிள்ளைகளையும் தன் கையால் புதைத்தவன். அதற்குமேல் அவனைக் குத்த எனக்கு மனசு வரவில்லை. நேரே போய் இனோபத்தின் கொண்டையைப் பிடிக்கலாம் என்று சால்வையை எடுத்தேன். என் புருஷன் புதுத் தொட்டிலை ஒரு துணியால் மூடிவிட்டு, பக்கத்து வீட்டு டமாஸ் வேனின் சாவியை வாங்கி வரச் சொன்னார்.

பழைய தொட்டில் வீட்டுக்கு ஒன்று கிடக்கும். ஆனால் அவர் செய்யாத தொட்டில் எங்கே கிடைக்கும்? இரண்டு நாள் தெருத்தெருவாகப் போனோம். பரணிலிருந்து இறக்கிக் காட்டியதெல்லாம் இவர் செய்ததுதான். ஒரு வீட்டுக்காரி சிரித்தாள்: "என்ன தொட்டில்கார உஸ்தா, ரொட்டிக்கடைக்காரர் வீடு வீடா வந்து ரொட்டி கேக்குற மாதிரி இருக்கே?" அவரும் சிரிக்க முயன்றார். முடியவில்லை.

பதினோராம் நாள் விடிந்துவிட்டது. மதியம் சடங்கு. கால்வாய்க்கு அந்தப் பக்கம், பருத்திக்காட்டு ஊரில் ஹோஸியத் என்று ஒருத்தி இருப்பதாக யாரோ சொன்னார்கள். வெளியூரிலிருந்து வாழ வந்தவள். ஏழு பிள்ளைகள், ஏழும் கல்லுக்குண்டுபோல இருக்கின்றன. அவளிடம் போய்க் கேட்டோம். தொட்டில் தன் அப்பா கோகந்து நகரச் சந்தையில் வாங்கி அனுப்பியது, செய்தது யாரென்று தெரியாது என்றாள். தூசியைத் துடைத்து, என் பிள்ளைகளைப் போலவே உங்கள் பிள்ளையும் தங்கட்டும் என்று வாழ்த்தி, ரொட்டி ஒன்றையும் உள்ளே வைத்துக் கொடுத்தாள். எனக்கு உயிர் வந்தது.

வண்டியில் ஏற்றுவதற்காக அவர் அதைத் தலைகீழாகப் புரட்டினார். அப்படியே நின்றுவிட்டார். ஆப்புகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். நான் எட்டிப் பார்த்தேன். மங்கிப்போன வர்ணத்தில் தலைப்பக்கத்தில் மூன்று மாதுளை. மாதுளை என்று எனக்குத்தான் தெரியும், பார்க்கிறவர்களுக்கு வெங்காயம். கல்யாணமான முதல் வருஷம் எனக்கு மாதுளை வரைய வராது. அப்போது வாரம் ஒரு தொட்டில் கோகந்து வியாபாரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

பாதி வழி வந்ததும் நான் ஆரம்பித்தேன்.

"சொல்லிருங்க. இதுவும் என் கைதான்னு அந்தப் பொம்பளை முகத்துக்கு நேரா சொல்லுங்க. ஏழு பிள்ளை வளர்ந்திருக்கில்ல இதுல?"

"சொன்னா உள்ளே விடமாட்டாங்க."

"உங்க பேரு கெட்டுக் கிடக்குதே."

"பிள்ளை இருக்கட்டும். பேரை வச்சு நான் என்ன பண்ண?" கொஞ்ச தூரம் போனபிறகு மெதுவாகச் சொன்னார்: "இதுல படுத்தும் ஏதாவது ஆச்சுன்னா, அப்புறம் நான் உளியைத் தொடமாட்டேன்."

நான் திரும்பி, தொட்டிலுக்குள் சரிந்திருந்த ரொட்டியை நகர்த்தி வைத்தேன்.

சம்பந்தி வீட்டில் அறை நிறையப் பெண்கள். கண்ணேறு கழிக்க மூட்டிய இசிரிக் இலைப் புகை கண்ணைக் கரித்தது. தொட்டிலை இறக்கி வைத்துவிட்டு ஆண்கள் உள்ளே வராத வழக்கப்படி அவர் வெளியே, வாசலருகே நின்றுகொண்டார். இனோபத் தொட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வளைவைத் தட்டினாள். அப்புறம் வாசலைப் பார்த்துக் கேட்டாள்.

"யார் செஞ்சது சம்பந்தி?"

"தெரியலைங்க. கோகந்துச் சந்தையில வாங்கினதாம்."

"பாத்தாலே தெரியுது. இது பிள்ளை வளர்க்கிற கை."

உண்மை என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். அப்போதுதான் திலோரம் எழுந்து வந்தாள். நாலு வயசிலிருந்து என் வர்ணக் கிண்ணங்களைக் கழுவியவள், என் தூரிகை அவளுக்குத் தெரியும். குனிந்து அந்த வெங்காய மாதுளைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாசலில் நின்ற அப்பாவை நெடுநேரம் பார்த்தாள். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது.

அவள் பிள்ளையைத் தூக்கி அந்தத் தொட்டிலில் படுக்க வைத்தாள்.

மூத்த பெண்கள் வழக்கப்படி பிள்ளையைத் தலைமாற்றிப் போட்டு, இப்படியா என்று கேட்டார்கள். இல்லை இல்லை என்று எல்லோரும் சொல்ல வேண்டும், சிரிக்கவும் வேண்டும். சொன்னோம், யாரும் சிரிக்கவில்லை. சரியாகப் படுக்க வைத்து, அகலத் துணிப்பட்டைகளால் கையையும் காலையும் கட்டினார்கள். பிள்ளை வீறிட்டது. யார் ஆட்டியும் அடங்கவில்லை. நான் அதன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனோபத்துக்கு அன்று மனசு இளகியிருக்க வேண்டும். "நீங்களும் வந்து ஒரு தடவை ஆட்டுங்க சம்பந்தி" என்றாள். "இது உங்க கை செஞ்சது இல்லதானே."

அவர் உள்ளே வந்தார். கை நீளவில்லை. திலோரம் அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவளுக்கு அந்தப் பக்கம் நான் இருந்ததால் எனக்கு மட்டும் கேட்டது.

"எனக்குத் தெரியும்ப்பா. தெரிஞ்சுதான் போட்டேன். ஆட்டுங்க."

அவர் மேல்கட்டையைப் பிடித்து ஆட்டினார். முதலில் தடுமாறி, அப்புறம் நிதானமாக. பிள்ளை விக்கி விக்கி அடங்கியது. உதடு சிவப்பாகவே இருந்தது. அன்று இருந்தாள், பதினெட்டாம் நாள் இருந்தாள், முப்பத்தொன்றாம் நாள் இருந்தாள், இப்போதும் இருக்கிறாள்.