சேவியர் அண்ணாச்சி ஊரா?

சென்னையில் எங்கே சாப்பிடலாம் என்று கோவில்பட்டியில் என்னைத்தான் கேட்பார்கள். எந்த மெஸ்ஸில் எந்தக் கிழமை என்ன குழம்பு என்பதுவரை சொல்வேன். நான் அனுப்பிய மெஸ்ஸுக்கு நண்பன் சேவியர் ஒரே முறை போய்வந்தான். பிறகு எல்லோரும் என்னை விட்டுவிட்டு அவனைக் கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த முறை சென்னை போனபோது, அந்த மெஸ் முதலாளியிடம் முதன்முறையாக என் ஊரைச் சொன்னேன்.

"சேவியர் அண்ணாச்சி ஊரா? நான் பக்கத்துல கயத்தாறுல்லா! அவிய வந்ததுமே எந்த ஊருன்னு கேட்டு, கடலை மிட்டாய் குடுத்தாவ."

"நான் பத்து வருஷமா இங்கன சாப்பிடுதேன்."

"அப்படியா? பாத்த ஞாபகமே இல்லையே, அண்ணாச்சி."

அத்தனை வருடத்தில் அவர் ஊரை நான் கேட்டதே இல்லை. உறவினருக்கென்று வாங்கியிருந்த கடலை மிட்டாயை நீட்டினேன்.

"சேவியர் அண்ணாச்சி குடுத்துவிட்டாவளா?" முகம் மலர்ந்தது.

ஆமாம் என்றேன். சேவியரிடம் இதைச் சொல்ல இன்னும் மனம் வரவில்லை.