முள் இறங்கினால் சுத்தமா?

"மீட்டர் எதைக் காட்டினாலும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சிலிக்கா சோதனை செய்தே ஆக வேண்டும். கெமிஸ்டின் அனுமதியின்றி வால்வைத் தொடக் கூடாது." எங்கள் ஆலைக் கையேட்டில் அடுத்தடுத்து இருந்த விதிகள். முதலாவதை மீறியவன் நான். இரண்டாவதை மீறியவருக்குத்தான் வேலை போனது.

அறுபதுகளின் நடுவில், திருவெறும்பூர் பக்கம் புதிதாக வந்த ஓர் ஆலை. கொதிகலனுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிரிவில் நான் கெமிஸ்ட். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். தண்ணீரில் கரைந்த உப்பையெல்லாம் ரெசின் தொட்டிகள் பிடித்துக்கொள்ளும். மீட்டரில் முள் ஏறினால் உப்பு, இறங்கினால் சுத்தம்.

கொதிகலனை முதன்முதலாகப் பற்றவைக்கும் விழா நாள். காலையில் முள் இறங்கியது. இறங்கி இறங்கி, நாங்கள் கண்டிராத அளவுக்குப் போனது! இதைவிடச் சுத்தமான தண்ணீர் தேசத்திலேயே இல்லை என்று மேலதிகாரிக்கு போன் செய்ய ஓடினேன். சிலிக்கா சோதனையா? அந்தக் குதூகலத்தில் அது யாருக்கு நினைவிருக்கும்!

திருவானைக்காவலிலிருந்து வரும் தற்காலிக ஆபரேட்டர் மட்டும் முள்ளை முறைத்துக்கொண்டிருந்தார்.

"சார், இது நல்லதுக்கு இறங்கலைங்க. ரெசினோட சக்தி தீர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் ஒரு தடவை பதுங்கும்."

"கெமிஸ்ட்ரி படிச்சது நீங்களா, நானா?"

"நீங்கதாங்க. முள்ளைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது நான்" என்றவர், கொதிகலனுக்குத் தண்ணீர் போகும் வால்வை மூடிவிட்டார்.

கத்தினேன். அவர் செய்தது தப்பென்று காட்டவே சோதனைக் குழாயை எடுத்தேன். மருந்தை விட்டேன். தண்ணீர் நீலமானது, பார்க்கப் பார்க்கக் கருநீலமானது. சிலிக்கா! இந்த மீட்டரின் கண்ணில் படாத சிலிக்கா. உள்ளே போயிருந்தால் குழாய்களில் கண்ணாடிபோல் படிந்து, ஒருநாள் வெடிக்கவும் வைத்திருக்கும்.

கொதிகலன் தப்பியது. ஆனால் விழா தாமதமானதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமே! அனுமதியின்றி வால்வை மூடியதாக அவரை நிறுத்திவிட்டார்கள்.

"நீங்க எதுவும் எழுதிடாதீங்க சார், உங்க வேலைக்கு ஆபத்து" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்.

எழுதினேன். தவறு என்னுடையது, அவரைத் திரும்ப எடுத்து நிரந்தரமாக்க வேண்டும் என்று, உரிய வழியாக, மூன்று நகல்களோடு. பிறகு மாதம் தவறாமல் நினைவூட்டல்.

அவருக்கு நிரந்தர வேலை உத்தரவும் எனக்குக் கண்டன மெமோவும் ஒரே உறையில் வந்தன. என் பணிக்காலத்தில் எத்தனையோ பாராட்டுக் கடிதங்கள் வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் உருப்படியாக எதையோ செய்தேன் என்று இன்றும் நினைக்கவைப்பது அந்தக் கண்டனம்தான். அது வந்து சேர்ந்த நாள், மறுவருடம் ஆடிப்பெருக்கு.