முத்துப்பிள்ளைக்குப் பிறகு

நாலாம் மாசத்திலேயே என் வயிறு ஏழு மாசம் சொன்னது.

எண்பதுகளின் நடுவில், ராஜபாளையத்தில், மில் தொழிலாளர் தெரு ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். என் மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. “ரெட்டைப் பிள்ளைட்டி, பார்த்துக்கிட்டே இரு” என்று தெருவுக்கே அறிவித்தார். எனக்கோ குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. பொறவு ரத்தம் பட்டது.

என் வீட்டுக்காரர் செல்வராஜ் என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டரம்மா வயிற்றில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். துடிப்பு இல்லை. மதுரைக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு, “இது முத்துப்பிள்ளைம்மா” என்றார்.

அந்தப் பேரைக் கேட்டு நான் சிரித்தேன். அம்புட்டு அழகான பேர்.

பிள்ளையே இல்லை அது. பிள்ளைக்கு ஊட்ட வேண்டிய நஞ்சுக்கொடி மட்டும் திராட்சைக் குலைபோல, நீர்க்கொப்புளமாகப் பெருகிக் கிடப்பது. எடுத்துச் சுத்தம் செய்தார்கள். யாருக்குப் பால் என்று தெரியாமல் என் மார்பு வலித்தது.

போகும்போது டாக்டரம்மா சொன்னார்: “இதுல ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் புத்துநோயா மாறலாம். மாசாமாசம் சிறுநீரைச் சோதிக்கணும். நோய் திரும்பினாலும் ஆமான்னுதான் காட்டும், கர்ப்பமானாலும் ஆமான்னுதான் காட்டும். எதுன்னு எனக்கே குழம்பிப்போகும். ஒரு வருஷம் உண்டாகக் கூடாது. அதுக்குத் தர்ற மாத்திரையை விட்டுராத.”

வீட்டில் இதைச் சொன்னேன். செல்வராஜ் தலையாட்டினார். மாமியார் கேட்டார், “கொப்புளம் பெத்தவளுக்கு மாத்திரை வேறயா?”

அந்த ரெண்டு வார்த்தைக்குள்தான் அதன் பிறகு நான் குடியிருந்தேன். கொப்புளம் பெத்தவ. குழாயடியில் அது, கோயில் வாசலில் அது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கர்ப்பத்தின் கனிக்காக ஜெபிக்கிறவர்கள் என்னை நடுவில் முழங்காலிட வைத்து, தலையில் கையை அழுத்துவார்கள். அழுத்திய கைகளுக்கு நான் யார் என்று தெரியாது. என் வயிறுதான் தெரியும்.

ஒருநாள் மாத்திரை அட்டையைக் காணோம். சாக்கடையில் அதன் வெள்ளித்தாள் மின்னியது. “பிள்ளை வேண்டாம்னு மாத்திரை திங்கிறவ, ஆண்டவருக்கு முன்னாடி எந்த முகத்தோட முழங்கால் போடுத?” என்றார் மாமியார். செல்வராஜ் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு அட்டை கைக்கு வருவதற்குள் மாதம் ஓடிவிட்டது. தூரம் தள்ளிப்போனது.

வீடு துள்ளியது. மாமியார் கேசரி கிண்டினார். சாயங்காலம் நன்றி ஜெபம் என்று சபைப் பெண்களை அழைத்தார். பாய் விரித்து, பாடி, கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்னார்கள். நடுவில் நான். என் உடம்புக்குள் வளருவது பிள்ளையா, என்னைத் தின்ன வந்ததா என்று யாருக்கும் தெரியாது. பக்கத்திலிருந்த ஒருத்தி, “சத்தமாச் சொல்லும்மா, உன் வாயால சொல்லு” என்று இடித்தாள்.

மனசுக்குள் சொன்னேன். “ஆண்டவரே, இங்கே இருக்கிற ஒருத்தர் பேச்சையும் கேட்காதீர். இவங்க எல்லாருக்கும் எதிரா நான் ஒருத்தி கேக்கேன். இல்லைன்னு சொல்லும். நான் சாகக் கூடாது.”

அதுவரை கற்றுக்கொடுத்த வார்த்தைகளில்தான் ஜெபித்திருந்தேன். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபித்தேன். அதில் அன்பு இல்லை. பயமும் கோபமும்தான் இருந்தன.

மறுநாள் தனியே பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்தபோது பையிலிருந்த சிறுநீர்ப் பாட்டிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பாட்டிலைக் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே வரிசையாக வயிறுகள். எல்லாரும் ஆமாம் என்ற பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

டாக்டரம்மா கூப்பிட்டார். “ரெண்டும் இல்லம்மா. நோயும் இல்ல, கர்ப்பமும் இல்ல. மாத்திரை விட்டதுல தள்ளிப்போயிருக்கு.”

மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். அவர் தண்ணீர் கொடுத்தார். ஏன் மாத்திரையை விட்டாய் என்று திட்டவும் திட்டினார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமியார் கேசரிச் சட்டியை எடுத்துக் கழுவப் போட்டார். “சபையே ஜெபம் பண்ணுச்சு. நீ என்னட்டி பண்ணுன?”

“எதிரா ஜெபம் பண்ணினேன் அத்தை. எனக்குத்தான் கெடச்சுது.”

அந்த வீட்டில் நான் முதன்முதலாகக் குரல் தாழ்த்தாமல் சொன்ன வாக்கியம் அது. செல்வராஜ் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கோபத்தில் போகிறார் என்று நினைத்தேன். மாத்திரை அட்டையோடு திரும்பி வந்தார். அம்மாவின் கண்ணெதிரே என் கையில் வைத்தார்.

சோதனை வருஷம் முடிந்தது. நோய் திரும்பவே இல்லை. தொண்ணூறுகளில் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அவளைத்தான் பதில் என்று சபையில் எழுதிக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். நான் விடமாட்டேன். எனக்கு வந்த பதில் அந்த “இல்லை”. அவள் பிறக்காமலே போயிருந்தாலும் இந்தச் சாட்சி மேடையில் நின்று இதையே சொல்லியிருப்பேன்.

மாமியார் கடைசிவரை எனக்கு வைத்த பேரை மாற்றவில்லை. அதை மன்னிக்கும் மனசைத் தாரும் என்று நான் இன்னும் முழுசாகக் கேட்கவில்லை.

இப்போது ஒருத்தி ஜெபத்துக்கு வந்து நின்றால், அவள் தலையைத் தொடுவதற்கு முன்னால் கேட்கிறேன்: “உனக்கு என்ன வேணும்மா?” சகோதரிகளே, உங்களைச் சுற்றி எல்லாரும் ஒன்றைக் கேட்கும்போது உங்கள் வயிறு வேறொன்றைக் கேட்டால், அதையே கேளுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டே கேளுங்கள். அவருக்கு அந்தக் குரலும் கேட்கும்.